அரிய ராக் இசைத்தட்டும் அந்தஸ்துப் போட்டிக் கதையும்: கேட்டு, படித்து, கருத்துச் சொல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கும் பழைய சாமான் கடைகளில் மங்குச் சாமான்தான் (எனாமல் பாத்திரங்கள்) முன்னால் அடுக்கியிருக்கும். தேக்கு நிலைகளும் ரசம் போன கண்ணாடிகளும் நடுவில். ரிக்கார்டுகள் எப்போதும் உள்ளே, தரையோரம், ஏதாவது ஒரு அட்டைப்பெட்டியில் கிடக்கும். பக்திப் பாட்டு, சினிமாப் பாட்டு, நாதஸ்வரம் என்று புரட்டிக்கொண்டே வரும்போது, பத்துப் பெட்டிக்கு ஒரு தடவை, அறுபதுகளில் யாரோ ஒரு பையன் பினாங்கிலோ சிங்கப்பூரிலோ வாங்கி ஊருக்குக் கொண்டுவந்த கிட்டார் தட்டு ஒன்று கையில் சிக்கும். அந்த நிமிடம் மனசுக்குள் இரண்டு குரல் எழும். ஒன்று, "இது எப்படி இருக்கும்?" என்று கேட்கும். இன்னொன்று, "இது வேற யார்கிட்ட இருக்கு?" என்று கேட்கும்.

அந்த இரண்டு குரலையும் தனித்தனியாகக் கேட்கப் பழகுவதற்குத்தான் இந்த வழிகாட்டி.

மூன்று வருடமாக மாதம் ஒரு ஞாயிறு மாலை, காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு ஆச்சி வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) எட்டுப் பத்துப் பேர் கூடுகிறோம். ஒரு அரிய ராக் தட்டு போடுவோம், ஒரு சிறுகதை வாசிப்போம். கதை அநேகமாகப் போட்டியைப் பற்றியதாக இருக்கும்: பங்காளிக்குள் போட்டி, ஓரகத்திகளுக்குள் போட்டி, முகப்பின் உயரத்தில் போட்டி, சீரில் போட்டி. முதலில் இரண்டையும் ஒரே நாளில் வைத்தது நேரமில்லாததால்தான். சில மாதத்தில் புரிந்தது: அரிய தட்டு என்பதே ஒரு போட்டிக் கதை. ஒருவரிடம் இருக்கிறது, இன்னொருவரிடம் இல்லை, மூன்றாவது ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார். கதையைப் படிக்கத் தெரிந்தவருக்குத் தட்டைக் கேட்பது சுலபமாகிறது. தட்டைப் பொறுமையாகக் கேட்டவர் கதையில் அவசரத் தீர்ப்புச் சொல்வதில்லை.

1. தட்டையும் இடத்தையும் தயார் செய்யுங்கள்

எங்கள் ஊர் வெயில் ரிக்கார்டுக்கு எமன். வினைல் என்ற பிளாஸ்டிக் தட்டைப் படுக்கைவாக்கில் அடுக்கி மச்சில் வைத்தால் ஒரு சித்திரை மாதம் போதும், அப்பளம் மாதிரி வளைந்துவிடும். நிமிர்த்தி, நெருக்கமாக, தரைத்தள அறையில் வைக்க வேண்டும்.

கழுவுவதற்கு முன் எந்த வகைத் தட்டு என்று பாருங்கள். கனமாகவும் கீழே விழுந்தால் நொறுங்குவதாகவும் இருக்கும், நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் தட்டு அரக்கால் ஆனது. அதன் மேல் ஸ்பிரிட், ஆல்கஹால் எதுவும் படக்கூடாது, அரக்கு கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் இரண்டு சொட்டு மென்மையான சோப்புத் திரவம் விட்டு, பஞ்சுத் துணியால், ஊசி ஓடும் வரியோடு வரியாக வட்டமாகத் துடைத்து, உடனே ஈரம் ஒற்றி எடுத்துவிடுங்கள். வினைலுக்கும் இதுவே போதும். நடுவில் ஒட்டியிருக்கும் லேபிள் காகிதம் மட்டும் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒன்றை நனைத்து எழுத்தை அழித்திருக்கிறேன், அந்தக் கதை கடைசியில் வரும்.

ஊசியும் வகைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 78-இன் வரி அகலமானது, அதற்குத் தடித்த முனை ஊசி. எல்பிக்கும் (33 சுற்று நீள்தட்டு) 45 சுற்றுச் சிறு தட்டுக்கும் நுண்முனை ஊசி. சாவி கொடுக்கும் கிராமபோன் பெட்டியில் வினைல் தட்டைப் போடவே போடாதீர்கள். அந்த இரும்பு ஊசியும் கனமான கையும் ஒரே தடவையில் வரியை உழுதுவிடும்.

அப்புறம் வீடு. ஆத்தங்குடிக் கல் தரையும் முட்டை வெள்ளைக்கரு கலந்து மெழுகிய சுண்ணாம்புச் சுவரும் பார்க்க அழகு. ஆனால் ஒலியை அப்படியே திருப்பி அடிக்கும், டிரம் சத்தம் இரண்டிரண்டாகக் கேட்கும். பெரிய ஜமுக்காளம் ஒன்றைத் தரையில் விரித்து, ஒலிபெருக்கிக்கு எதிர்ச் சுவரில் ஒரு கனத்த துணியைத் தொங்கவிடுங்கள். ஆச்சி தன் பழைய கண்டாங்கிச் சேலை இரண்டைக் கொடியில் போட்டுக் கொடுத்தார்கள். அன்றைக்குத்தான் எங்கள் பட்டாலையில் முதல்முறையாக பேஸ் கிட்டார் தனியாகக் கேட்டது.

2. ஏன் அரியது என்று கேளுங்கள்

"ரேர்" என்று கடைக்காரர் சொன்னவுடன் தலையாட்டக் கூடாது. ஒரு தட்டு அரியதாவதற்குக் காரணங்கள் பல. எந்தக் காரணம் என்பதைப் பொறுத்து நாம் சொல்ல வேண்டிய கருத்தும் மாறும்.

ஒரே ஒரு பிரதிதான் உண்டு என்பது முதல் வகை. 1958-இல் லிவர்பூலில் பெர்சி பிலிப்ஸ் என்பவர் வீட்டோடு வைத்திருந்த சிறு ஒலிப்பதிவுக் கூடத்தில், குவாரிமென் என்ற பள்ளிக்கூடப் பையன்கள் குழு ஒரு தட்டு வெட்டிக்கொண்டது. பின்னாளில் பீட்டில்ஸ் என்ற ராக் குழுவாகப் புகழ்பெற்ற லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன் மூவரும் அதில் இருந்தார்கள். தட்டு ஒன்று, ஆட்கள் ஐந்து. ஆளுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்துக் கொண்டுபோனார்கள். கடைசியாக அது பியானோ வாசித்த ஜான் லோவிடம் தங்கிவிட்டது. 1981-இல் மெக்கார்ட்னி அதை அவரிடமிருந்து விலைக்கு வாங்கினார். இந்தச் செய்தியைச் சொன்னதும் ஆச்சி கேட்டது, "முறை வச்சுக் கொண்டுபோனது யார்கிட்ட நின்னுச்சு, ஏன் நின்னுச்சு? அதுலதாம்ப்பா கதை இருக்கு." பொதுவீட்டு வெள்ளிச் சாமான் எந்தப் பங்காளி வீட்டில் நின்றுபோனது என்று அறுபது வருடம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரிகிறது.

அச்சிட்டபின் திரும்பப் பெறப்பட்டவை இரண்டாவது வகை. 1966-இல் அமெரிக்காவில் கேபிடல் என்ற ரிக்கார்டு கம்பெனி வெளியிட்ட பீட்டில்ஸ் எல்பி ஒன்றின் அட்டையில், நால்வரும் கசாப்புக்காரர் அங்கியில் இறைச்சித் துண்டுகளுக்கும் பொம்மைத் தலைகளுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ப்பு வந்ததும் கம்பெனி அட்டைகளைத் திரும்ப வரவழைத்து, பலவற்றின் மேல் வேறு படத்தை ஒட்டி மறுபடியும் கடைக்கு அனுப்பியது. உள்ளே இருந்த பாட்டு மாறவே இல்லை. 1977-இல் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற இங்கிலாந்து ராக் குழுவை ஏ அண்ட் எம் ரிக்கார்டு கம்பெனி ஒரே வாரத்தில் கைவிட்டபோது, அச்சாகியிருந்த தட்டுகளில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. இங்கேயும் அதே பாட்டு பிறகு வேறு கம்பெனியில் வெளியாகி எல்லோருக்கும் கிடைத்தது. இந்த வகையில் அரியது காகிதமும் லேபிளும்தான் என்பதை மறக்காமல் பேசுங்கள்.

ஒரு ஊரில் மட்டும் அச்சானவை மூன்றாவது. இங்கிலாந்தில் 1960 வாக்கிலேயே 78 சுற்றுத் தட்டுகள் நின்றுவிட்டன. இந்தியாவில் மின்சாரம் இல்லாத வீடுகளிலும் சாவிப் பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்ததால், கல்கத்தா டம்டம் ஆலையில் பீட்டில்ஸ் பாடல்களைக்கூட 78-ஆக அச்சிட்டார்கள். உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் இன்று தேடுவது அவற்றை. தாத்தா காலத்துப் பெட்டி இருக்கும் எந்தச் செட்டிநாட்டு வீட்டிலும் அப்படி ஒன்று இருந்திருக்கலாம் என்று நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் கை பரபரக்கும்.

அழிவிலிருந்து மிஞ்சியவை நான்காவது வகை. அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். கம்போடியாவில் அறுபதுகளிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் சின் சிசாமுத், ரோஸ் செரெய் சொத்தியா போன்றவர்கள் கிட்டாரும் ஆர்கனும் வைத்து அற்புதமான பாடல்களைப் பாடினார்கள். 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் பாடகர்களும் போனார்கள், மூலப் பதிவுகளும் போயின. மிஞ்சிய தட்டுகளும் கேசட்டுகளும் வெளிநாடுகளுக்குத் தப்பிப்போனவர்கள் வழியாக வந்தவை. பக்கத்து நாட்டுச் சைகோன் வரைக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போன ஊர் நம்முடையது. 1942-இல் பர்மாவை விட்டு நடந்தே வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கள் அமர்வில் இருக்கிறார்கள். அந்தத் தட்டைப் போட்டபோது விலையைப் பற்றி யாரும் பேசவில்லை.

இந்திய ராக்கில் தேடுகிறவர்கள் சிம்லா பீட் தட்டுகளைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு சிகரெட் பிராண்டின் பெயரில் நடந்த அகில இந்திய இசைக்குழுப் போட்டி அது. அதில் பங்கெடுத்த கல்லூரி வயதுக் குழுக்களின் பாடல்கள் 1970-இலும் 1971-இலும் எல்பிகளாக வந்தன. போட்டியே தட்டாக மாறிய உதாரணம் என்பதால் எங்களுக்கு அது ரொம்பப் பிடித்தது. பம்பாயின் அட்டாமிக் ஃபாரஸ்ட் குழுவின் எல்பியும் தேடப்படுவதுதான். இரண்டுமே மறுபதிப்பாகக் கிடைக்கின்றன, மறுபதிப்பில் கேட்பதில் ஒரு குறையும் இல்லை.

வேண்டுமென்றே எண்ணிக்கையைக் குறைத்து இப்போது வெளியிடும் வண்ணத் தட்டுகள் கடைசி வகை. இவற்றின் அருமையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

3. காலத்தைக் கணிக்கும் சில தடயங்கள்

அட்டையின் பின்பக்க முகவரியை முதலில் படியுங்கள். ஆறு இலக்க பின்கோடு இந்தியாவில் 1972 ஆகஸ்ட் 15-இல்தான் வந்தது. பின்கோடு அச்சிட்ட இந்திய அட்டை அதற்கு முந்தையதாக இருக்கவே முடியாது. கல்கத்தா என்பதற்குப் பதில் கொல்கத்தா என்று இருந்தால் 2001-க்குப் பிறகு, மெட்ராஸ் என்பதற்குப் பதில் சென்னை என்று இருந்தால் 1996-க்குப் பிறகு. கோட்டுக் குறியீடு (பார்கோடு) இருந்தால் அறுபதுகளின் அட்டையாக இருக்காது.

இது தெரியாமல் ஒரு எல்பியை 1965-ஆம் வருடத்து முதல் அச்சு என்று நம்பி, என் ஒரு மாதச் சம்பளத்தில் கால்வாசியைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் அட்டையின் கீழ் மூலையில் இருந்த பின்கோடு கண்ணில் பட்டது. விற்றவர் ஏமாற்ற நினைத்தாரா, அவருக்கும் தெரியாதா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒரு வாரமும் பாட்டு எனக்கு எவ்வளவு இனித்தது, பின்கோடைப் பார்த்த இரவு அதே பாட்டு எவ்வளவு சப்பென்று ஆனது என்பதை இன்னும் மறக்கவில்லை. வரியில் ஒரு நூலளவும் மாறவில்லை. மாறியது நான்தான். அந்த இரவுதான் இரண்டு குரல்களைப் பிரிக்க வேண்டும் என்ற எண்ணத்தையே எனக்குக் கொடுத்தது.

அட்டையை விட நம்பகமான சாட்சி தட்டிலேயே இருக்கிறது. பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன்னால் உள்ள வெற்று வளையத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எண்களும் எழுத்துகளும் கீறியோ அச்சடித்தோ இருக்கும். எந்த மூலத்திலிருந்து இந்தத் தட்டு பிறந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். நம் வீட்டுப் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருப்பது போலத்தான். அட்டையை மாற்றலாம், லேபிளை மாற்றலாம், வெட்டிய பெயரை மாற்றுவது கஷ்டம்.

4. மூன்று முறை கேளுங்கள்

முதல் முறை அட்டையை மறைத்துவிடுங்கள். நாங்கள் தினத்தாளில் சுற்றிவிடுகிறோம். குழுவின் பெயர், வருடம், விலை எதையும் கொண்டுவந்தவர் சொல்லக்கூடாது. கேட்கிறவர் கையில் காகிதம் இருக்கட்டும். ரசித்த இடத்தை எழுத வேண்டாம், காதில் விழுந்ததை மட்டும் எழுதுங்கள்: "கிட்டார் கரகரப்பு, இரண்டாவது சரணத்தில் டிரம் அரை நொடி பிந்துகிறது, பாடுகிறவர் மேல் ஸ்தாயிக்குப் போக முடியாமல் கத்துகிறார்." இப்படி.

இரண்டாவது முறை அட்டையைக் காட்டி, தட்டின் வரலாற்றைச் சொல்லிவிட்டுப் போடுங்கள். முன்பு எழுதியதற்குக் கீழே, இப்போது புதிதாக என்ன கேட்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு விஷயம் வியப்பாக இருக்கும். டிரம் பிந்தியதைக் குறை என்று எழுதியவர், "பதினெட்டு வயசுப் பையன், போட்டி மேடை" என்று தெரிந்ததும் அதையே அழகு என்று எழுதுவார். அதில் தப்பில்லை. வரலாறு தெரிந்தால் காது மாறத்தான் செய்யும். எந்தக் கருத்து எப்போது பிறந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

மூன்றாவது முறை, கிடைத்தால், எல்லோருக்கும் தெரிந்த பதிப்பையும் இதையும் அடுத்தடுத்துப் போடுங்கள். 1968-இல் வந்த பீட்டில்ஸின் வெள்ளை ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் "ஹெல்டர் ஸ்கெல்டர்" பாட்டு ஸ்டீரியோ (இருவழி ஒலி) பதிப்பில் ஒருமுறை அடங்கி, திரும்ப எழுந்து, டிரம்மர் ரிங்கோ தன் விரல்களில் கொப்புளம் போட்டுவிட்டது என்று கத்துவதோடு முடியும். இங்கிலாந்தின் மோனோ (ஒருவழி ஒலி) தட்டில் அந்தக் கத்தல் கிடையாது, பாட்டு முதல் அடங்கலிலேயே முடிந்துவிடும். இதுதான் காதுக்கான அருமை. காகித அருமையும் காது அருமையும் ஒரே தட்டில் சேர்ந்து வருவது குறைவு.

வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற அமெரிக்க ராக் குழுவின் 1966-ஆம் வருடத்து அசிடேட் தட்டு ஒன்றில் இரண்டும் சேர்ந்தன. 2002-இல் நியூயார்க்கில் ஒரு தெருவோர விற்பனையில் 75 சென்ட்டுக்கு வாங்கப்பட்டது அது. 2006-இல் 25,200 டாலருக்கு ஏலம் போனது. அசிடேட் என்பது அலுமினியத் தகட்டின் மேல் லாக்கர் என்ற மென்மையான பூச்சு, ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் கொஞ்சம் தேயும். அதில் இருந்த பதிவுகள் சில, 1967-இல் வந்த ஆல்பத்தில் உள்ளவற்றிலிருந்து வேறுபட்டவை. இரைச்சலுக்கு நடுவே அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கிற காது வேண்டும். இப்போது அது முறையாகவும் வெளியாகிவிட்டது, தேயும் தட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை.

எங்கள் விதி ஒன்று: விலையை எல்லாம் முடிந்து பணியாரம் வந்த பிறகுதான் சொல்ல வேண்டும்.

5. போட்டிக் கதையைப் படிக்கும் முறை

இதை ஒரு கதையை வைத்தே சொல்கிறேன். எங்களில் ஒருவர் எழுதி வாசித்தது, அச்சாகவில்லை.

ஒரே வளவுக்குள் இரண்டு ஓரகத்திகள். இளையவள் மகளுக்குக் கல்யாணம். சீர்ச் சாமான் பரப்ப வேண்டும். ஊரே வந்து பார்க்கும், எண்ணும். மங்குத் தூக்குச் சட்டிகள் எண்ணிக்கைக்குக் குறைகின்றன. மூத்தவளிடம் கேட்கிறாள். அவள் மறுபேச்சில்லாமல் பன்னிரண்டை எடுத்துக் கொடுக்கிறாள். ஒவ்வொன்றிலும் மூத்தவளின் அப்பச்சி (அப்பா) பெயரின் தலைப்பெழுத்து வெட்டியிருக்கிறது. பரப்பும்போது எழுத்துகளைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கிறார்கள். பார்க்க வந்த ஒரு பெரியம்மை (பெரியம்மா) ஒரு சட்டியைத் தூக்கிப் பார்க்கிறார்கள், ஒன்றும் சொல்லாமல் கீழே வைக்கிறார்கள், எழுத்து வெளிப்பக்கம் தெரிகிறது. மூத்தவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அந்தச் சட்டியைத் திரும்பவும் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கிறாள். அவ்வளவுதான் கதை.

வாசித்து முடித்ததும் ஒருவர், "மூத்தவளுக்கு என்ன பெருந்தன்மை!" என்றார். இன்னொருவர், "சீர் முறையே ஒழியணும்" என்றார். இரண்டு பேருமே கதையை விட்டு வெளியே போய்விட்டார்கள். உள்ளே நிற்பதற்கு நாங்கள் சில கேள்விகளை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

போட்டி எந்தப் பொருளின் மேல் நடக்கிறது? இந்தக் கதையில் சட்டியின் மேல் என்று தோன்றும். உண்மையில் அந்த எழுத்தின் மேல் நடக்கிறது. பொருளைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டால் பாதிக் கதை திறந்துவிடும்.

யார் பார்க்கிறார்கள்? போட்டிக்கு இரண்டு பேர் போதாது, மூன்றாவது கண் ஒன்று வேண்டும். இங்கே பெரியம்மை. அவர்கள் ஒரு வார்த்தை பேசுவதில்லை, ஆனால் கதையில் எல்லாமே அவர்கள் பார்த்துவிட்டதால்தான் நடக்கிறது. நீங்கள் படிக்கும் எந்தப் போட்டிக் கதையிலும் இந்த மூன்றாவது ஆளைத் தேடுங்கள். சில கதைகளில் அது தெரு, சில கதைகளில் செத்துப்போன மாமியாரின் படம், சில கதைகளில் படிக்கிற நாமே.

எதை வைத்து அளக்கிறார்கள்? எண்ணிக்கையா, வயதா, கோயில் புள்ளியா (கோயில் கணக்கில் உள்ள குடும்பங்களா), மொய் நோட்டில் உள்ள தொகையா? எழுத்தாளர் எந்த இடத்தில் எண்களைச் சொல்கிறார், எந்த இடத்தில் நிறுத்துகிறார் என்று பாருங்கள். இந்தக் கதையில் மூத்தவள் கொடுக்கும்வரை எண்கள் கொட்டிக்கிடக்கின்றன. கொடுத்த பிறகு ஒரு எண்கூட இல்லை. அதை எங்களில் யாரும் முதல் வாசிப்பில் கவனிக்கவில்லை.

யார் செலவழிக்கிறார்கள்? பணத்தை மட்டும் சொல்லவில்லை. கதையில் மணப்பெண்ணுக்கு ஒரு வசனமும் கிடையாது. அவளுக்காகத்தான் எல்லாமே நடப்பதாகச் சொல்கிறார்கள். அவள் பேசாமல் இருப்பது எழுத்தாளர் வேண்டுமென்று செய்ததா, மறந்துவிட்டாரா? இப்படிக் கேட்டால் எழுத்தாளருக்கு உதவும். அவர் மறந்துதான் விட்டிருந்தார், அடுத்த வடிவத்தில் அந்தப் பெண் ஒரே ஒரு தடவை வாய் திறந்தாள்.

இத்தனைக்கும் மேலே கடைசிக் கைச்செயல் இருக்கிறது. மூத்தவள் ஏன் திருப்பி வைத்தாள்? நாங்கள் அரை மணி நேரம் வாதாடினோம். அப்போது ஆச்சி சொன்னார்கள்:

"திருப்பி வச்சது இருக்கட்டும்ப்பா. பெரியம்மை எழுத்தைப் பார்த்ததுக்கு முந்தி வச்சாளா, பார்த்த பிறகு வச்சாளா? அதைப் படிச்சுச் சொல்லுங்க."

திரும்பப் படித்தோம். பார்த்த பிறகு. அதுவும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து. அப்படியென்றால் அவள் மறைக்கவில்லை, மறைக்கிறேன் என்பதை எல்லோருக்கும் காட்டுகிறாள். அல்லது பார்த்த ஒருத்தரோடு நிற்கட்டும், ஊருக்குப் போகவேண்டாம் என்று நினைக்கிறாள். இரண்டுக்கும் கதையில் இடமிருக்கிறது, ஏனென்றால் வருகிறவளின் முகத்தை எழுத்தாளர் காட்டவே இல்லை. முன்னால் வைத்தாள் என்று இருந்திருந்தால் வெறும் பெருந்தன்மையாகப் போயிருக்கும். ஒரு செயல் எந்த வரிசையில் நடக்கிறது என்று பார்ப்பது, டிரம் எந்த இடத்தில் பிந்துகிறது என்று கேட்பதைப் போன்ற வேலைதான்.

6. கருத்தைச் சொல்லும் விதம்

"நல்லா இருக்கு", "சூப்பர்", "மனசைத் தொட்டுச்சு" என்பவை வணக்கம் சொல்வது மாதிரி. சொல்லலாம், ஆனால் அதோடு நிறுத்தினால் எழுதியவருக்கும் தட்டைக் கொண்டுவந்தவருக்கும் ஒன்றும் கிடைக்காது. நான் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வது: முதல் வாக்கியத்தில் ஒரு இடத்தைத் தொடுங்கள். "இரண்டாவது பக்கம் மூன்றாவது பாட்டில் ஆர்கன் நுழையும் இடம்", "சட்டியைக் கீழே வைக்கும் வரி" என்று. அடுத்து, அந்த இடத்தில் உங்களுக்குள் என்ன நடந்தது. அதற்கு அடுத்து, அது ஏன் நடந்தது என்று உங்கள் ஊகம். இந்த வரிசையில் போனால் பேசத் தெரியாதவர் என்று யாருமே இல்லை. எங்கள் அமர்வில் ராக் இசையை வாழ்நாளில் கேட்டிராத ஒரு தச்சாசாரி, கிட்டாரின் கரகரப்பைக் கேட்டுவிட்டு, "முடிச்சு உள்ள மரத்துல இழைப்புளி ஓடுற சத்தம்" என்றார். அதைவிட நல்ல விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

சின்ன ஊர் என்பதால் கதைக்கு ஒரு கண்டிப்பான விதி வேண்டும். "இது இன்னார் வீட்டுக் கதைதானே?" என்று யாரும் கேட்கக் கூடாது. இங்கே எல்லோரும் யாருக்காவது பங்காளி, யாருக்காவது தாயபிள்ளை. அந்தக் கேள்வி ஒருதரம் விழுந்துவிட்டால் எழுதியவர் அடுத்த கதையை எழுதமாட்டார். எங்களிடம் ஒரு தடவை அப்படி ஆனது. அவர் திரும்பி வர ஏழு மாதம் ஆயிற்று.

எழுதியவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது குறை சொல்லத் தயங்குகிறவர்கள், குறையைக் கேள்வியாக மாற்றிக்கொள்ளலாம். "அண்ணே, மூத்தவ அந்தச் சட்டியைக் கொடுக்கும்போது மனசுல என்ன நினைச்சானு நீங்க முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டால் அவரே யோசிப்பார். ஆனால் கதையில் பொய் இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றினால் கேள்விக்குள் ஒளிக்காமல் நேராகச் சொல்லிவிடுங்கள். ஒரு கதையில் தேவகோட்டைப் பெரிய வீட்டுக்காரர் எல்லாரும் கொடூரர்களாகவும் வேலைக்காரர்கள் எல்லாரும் தெய்வங்களாகவும் இருந்தார்கள். அங்கே போட்டியே இல்லை, தீர்ப்பு மட்டும்தான் இருந்தது. அதைச் சொன்னேன், எழுதியவர் வருத்தப்பட்டார், பிறகு திருத்தினார்.

தட்டைக் கொண்டுவந்தவரிடம் பேசும்போது வேறு ஒரு கவனம் தேவை. அவர் பெருமையோடு கொண்டுவந்திருப்பார். "இதோட நல்ல பிரதி எங்கிட்ட இருக்கு" என்று ஒருவர் ஆரம்பித்தால், அன்றைய அமர்வு அங்கேயே சாமான் பரப்பலாக மாறிவிடும். அப்படி இருந்தால் அடுத்த மாதம் கொண்டுவாருங்கள், இரண்டையும் சேர்த்துக் கேட்போம்.

7. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

இதற்குக் கால்மணி நேரம் போதும். அன்றைய தட்டைக் கதையாகவும் அன்றைய கதையைத் தட்டாகவும் பேசிப்பாருங்கள். ஒட்டிய அட்டையை ஆவி காட்டிப் பிரித்து, அடியில் இருக்கும் படத்தைப் பார்க்கத் துடித்த சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். பெரியம்மை சட்டியைத் தூக்கிப் பார்த்ததும் அதே கைதான். குவாரிமென் தட்டை ஆளுக்கொரு வாரம் வைத்திருந்தவர்களில் யாருக்காவது, முறை முடிந்து அடுத்தவரிடம் கொடுக்கும்போது என்ன தோன்றியிருக்கும் என்று அரைப் பக்கம் எழுதச் சொன்னோம். வந்ததில் மிகச் சிறந்தது ஒரு கல்லூரிப் பெண் எழுதியது. அவள் பையன்களை விட்டுவிட்டு, பியானோக்காரரின் அம்மா பீரோவைத் துடைக்கும்போது அந்தத் தட்டைத் தூக்கி எங்கே வைப்பது என்று யோசிப்பதாக எழுதினாள்.

8. முடிந்த பிறகு

வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் வரும். விலைப் பேச்சு அப்போதுதான். தட்டைத் துடைத்து உறையில் போட்டுக் கொண்டுவந்தவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். கதைத் தாள்களையும் எண்ணித் திருப்பிக் கொடுங்கள். அச்சாகாத கதையைப் படம் பிடித்துப் பகிர்வது கூடாது.

பிறகு ஒருவர் நோட்டில் எழுத வேண்டும். தேதி, தட்டு, கதை, யார் எந்த இடத்தைத் தொட்டார், எது இரண்டாவது தடவை கேட்டபோது மாறியது. போன மாதப் பக்கத்தை அப்படியே தருகிறேன், எவ்வளவு எழுதினால் போதும் என்று தெரியும்:

"45 சுற்றுத் தட்டு. பினாங்குப் பெட்டியிலிருந்து வந்தது. கழுவும்போது லேபிள் நனைந்து எழுத்துப் போய்விட்டது, என் தவறு. வளையத்தில் எண் இருக்கிறது, குறித்துக்கொண்டோம். பாட்டு இல்லை, கிட்டார் மட்டும். முதல் முறை: வேகம், நடுவில் ஒரு இடத்தில் யாரோ சிரிக்கிற சத்தம். இரண்டாவது முறை சொல்வதற்கு வரலாறு எதுவும் இல்லாததால் சும்மா இன்னொரு தடவை போட்டோம். சிரிப்பு இரண்டு பேருடையது என்று ஆச்சி சொன்னார்கள். மூன்றாவது முறை எல்லோருக்கும் கேட்டது. கதை: மச்சு வீட்டு உயரம், இரண்டாம் வாசிப்பு அடுத்த மாதம். விலை: யாரும் கேட்கவில்லை."